நான் லமினேட் செய்த வங்கி

எங்கள் குடும்பத்தில் என் கையில் யாரும் காகிதம் தருவதில்லை. மகளின் பிறப்புச் சான்றிதழ் மாமனார் வீட்டு அலுமாரியில் பூட்டுப் போட்டு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அவள் வாங்கிய பாராட்டுப் பத்திரத்தை என் மனைவி தன் காரிலேயே வைத்துக்கொண்டு திரிகிறாள். போன மாதம் தபாலில் வந்த ஒரு கல்யாண அழைப்பிதழை மாமியார் எட்டத்தில் நின்று தூக்கிக் காட்டினார். (வாசிக்க விட்டார், தொட விடவில்லை.) தெரியாதவர்கள் பார்த்தால் நான் ஏதோ பழைய திருடன் என்று நினைப்பார்கள். திருடன் என்றால்கூடப் பரவாயில்லை, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். நான் லமினேட் செய்பவன். அதைத் திருப்பிச் செய்ய வழியே இல்லை.

இது பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய கதை. அப்போது நானும் அம்மாவும் மெல்பேர்னில், டண்டினொங் பக்கம் ஒரு சின்ன யூனிட்டில் இருந்தோம். எனக்கு ஓர் அலுவலகத்தில் வேலை. யாருக்காவது கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் போனில் கூப்பிடுவார்கள், நான் "ஒருக்கால் நிப்பாட்டிவிட்டுத் திரும்பப் போடுங்கள்" என்று சொல்வேன். பத்தில் எட்டுப் பேருக்கு அதோடு சரியாகிவிடும். இதனால் உலகத்தில் எந்தப் பிரச்சினை வந்தாலும் நான் தலையிட்டால் தீரும் என்று எனக்கு ஓர் எண்ணம் வந்திருந்தது. அந்த எண்ணம்தான் என்னைக் கவிழ்த்தது.

தர்சினியை அப்போது இரண்டு வருடமாகத் தெரியும். மருந்துக்கடை ஒன்றில் பார்மசிஸ்ட். நான் தலையிடிக்கு மாத்திரை வாங்கப் போய், தலையிடி இல்லாத நாள்களிலும் போக ஆரம்பித்து, அப்படியே வளர்ந்தது. அவள் வீட்டில் சொல்லிவிட்டாள். அவளுடைய அம்மாவுக்குச் சம்மதம். (அன்ரிக்கு வருகிறவன் நன்றாகச் சாப்பிட்டால் போதும்.) மிச்சம் இருந்தது அப்பா, சிவபாதம் அங்கிள்.

"அப்பா வேண்டாம் எண்டு சொல்லமாட்டார்," என்றாள் தர்சினி. "'பாப்பம்' எண்டு சொல்லுவார்."

"பாப்பம் எண்டால் நல்லதுதானே?"

"இல்லை எண்டு அர்த்தம். சின்னனில நாய் வளர்க்கக் கேட்டனான், பாப்பம் எண்டார். ஸ்கூல் கேம்புக்குப் போகக் கேட்டனான், பாப்பம் எண்டார். நான் போகவும் இல்லை, நாய் வரவும் இல்லை."

"அப்ப எனக்கும் பாப்பம் எண்டு சொன்னால்?"

"அப்பா வாயால ஓம் எண்டு சொல்லாமல் நான் கட்டமாட்டன், சுதன். அவர் எனக்காக நிறையச் செய்தவர். திருப்பி ஒண்டும் கேட்டதில்லை. இந்த ஓம் ஒண்டைத்தான் நான் அவரிட்டக் கேட்டு வாங்க விரும்புறன்."

ஆகவே என் வாழ்க்கை ஓர் ஓம்-இல் வந்து நின்றது. (எங்கள் பேச்சில் ஆம் என்றால் ஓம்.)

முதல் தடவை அவர்கள் வீட்டுக்குப் போனது ஒரு சனிக்கிழமை. பொரோனியாவில், மலைப்பக்கமாக வீடு. அங்கிள் உயரமாக, ஒல்லியாக, வீட்டிலும் சேர்ட்டை உள்ளே விட்டுக்கொண்டு இருந்தார். "வாரும் தம்பி, இரும்," என்று கதிரையைக் காட்டினார். நான் இருந்தேன். அவரும் இருந்தார். அதற்குப் பிறகு கால் மணித்தியாலம் இரண்டு பேரும் சும்மா இருந்தோம். குசினியில் அன்ரி எண்ணெயில் எதையோ போடும் சத்தம் மட்டும் கேட்டது.

ஏதாவது பேச வேண்டுமே என்று சுவரைப் பார்த்தேன். மற்ற வீடுகளில் சாமிப்படம் இருக்கிற இடத்தில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் சட்டம் போட்டுத் தொங்கியது. அதற்கு மேலே தனியாக ஒரு சின்ன விளக்கு வேறு. படத்தில் ஆறு பெரிய தூண்கள், அவற்றின் தலையில் இலை இலையாகப் பூவேலை, மேலே முக்கோண முகப்பு, கீழே அகலமான படிகள். நான் பயபக்தியோடு எழுந்து போய்ப் பார்த்தேன்.

"இது எந்தக் கோயில் அங்கிள்? கிரேக்கத்திலயோ?"

"இது கொலின்ஸ் ஸ்ட்ரீற்," என்றார் அங்கிள். "பாங்க்."

விக்டோரியா மகாராணி காலத்துப் படப் பத்திரிகை ஒன்றிலிருந்து எடுத்த பக்கமாம். அப்போது பத்திரிகையில் போட்டோ அச்சடிக்க வழி இல்லை. ஒருவர் கட்டடத்தைப் பார்த்து வரைவார், இன்னொருவர் அதை மரக்கட்டையில் மயிரிழை மயிரிழையாகச் செதுக்குவார், பிறகு மை பூசி அச்சடிப்பார்கள். அந்தக் காலத்து மெல்பேர்ன்காரர்களுக்குத் தங்கம் கிடைத்த மிதப்பு. வங்கி கட்டினாலும் காப்புறுதிக் கந்தோர் கட்டினாலும் கம்பளிக் கிடங்கு கட்டினாலும் கிரேக்கக் கோயில் மாதிரித்தான் கட்டுவார்கள். சாமி இருக்க வேண்டிய இடத்தில் காசாளர் இருப்பார். (இதெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தூண் என்றால் தூண், அவ்வளவுதான்.)

"இதுக்குள்ள நான் பதினாலு வருசம் வேலை செய்தனான்," என்றார் அங்கிள்.

அப்பா பாங்க்கில் வேலை செய்தவர் என்று தர்சினி சொல்லியிருந்தாள். "மனேஜராவோ அங்கிள்?" என்று கேட்டேன். (வாய். எல்லாம் இந்த வாய்.)

"க்ளீனரா."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அங்கிள் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. எழுந்து வந்து படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, மேசையில் வைத்து, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இந்தத் தூணைப் பாரும். ஒரு தூணில இருபத்திநாலு பள்ளம், மேலயிருந்து கீழ வரைக்கும். தூசி அதுக்குள்ளதான் போய் இருக்கும். கூட்டுற தும்புத்தடி போகாது. விரலில துணியைச் சுத்தி இழுக்க வேணும். முன்வாசல் தூண், கை எட்டுற உயரம் மட்டும் என்ர வேலை. படத்தில முன்னுக்கு எத்தினை பள்ளம் தெரியுது? எண்ணும்."

எண்ணினேன். பன்னிரண்டு வந்தது. "திரும்பவும் எண்ணும்," என்றார். பதினொன்று வந்தது.

"சரி. சந்தையில இந்தப் படத்தைக் கண்டவுடன நானும் முதல் அதைத்தான் எண்ணினனான். உண்மையான தூணுக்கு முன்னால நிண்டாலும் பதினொண்டுதான் தெரியும். கீறினவன் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறான். அதுக்காகத்தான் வாங்கினனான்." பிறகு சிரித்தார். "ஆனா ஒரு பிழை விட்டுட்டான். படியில எத்தினை ஆக்கள் நிக்கினம் பாரும். தொப்பி போட்ட துரைமார், குடை பிடிச்ச துரைசாணிமார், குதிரை வண்டிக்காரன், ஒரு நாய். தும்புத்தடியோட ஒருத்தரையும் காணேல்லை. நாய்க்குக் குடுத்த இடத்தில எங்களில ஒராளை விட்டிருக்கலாம்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நண்பன் ஒருவனின் மறதியைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். அந்த இடத்தில் எனக்கு அவரை மிகவும் பிடித்துப் போனது.

குசினி வாசலில் தர்சினி கண்ணை அகல விரித்துக்கொண்டு நின்றாள். அப்பா ஒரே மூச்சில் இவ்வளவு கதைத்து அவள் கேட்டதே இல்லையாம். நான் அந்த வீட்டு மருமகனாகவே ஆகிவிட்டதுபோல் ஓர் உஷார் எனக்கு வந்தது. படத்தை நானே தூக்கிக்கொண்டு போய்ச் சுவரில் மாட்டினேன். சுவரில் இரண்டு ஆணி இருந்தது. ஒன்று படத்துக்கு உரிய தடித்த கொளுக்கி. மற்றது கோயில் கலண்டர் தொங்கிய குண்டூசி மாதிரி ஆணி. நான் எதில் மாட்டினேன் என்று சொல்லத் தேவையில்லை.

அன்ரி சுடச்சுடப் பொரித்த பற்றிஸ் கொண்டுவந்து வைத்தார். நான் இரண்டாவதைக் கடிக்கும்போது படம் விழுந்தது.

படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடி மட்டும் நொறுங்கிவிட்டது. யாரும் அசைவதற்கு முன் அங்கிள் குனிந்து, "கால் வையாதேங்கோ," என்று சொல்லி, ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி, ஈரத்துணியால் நிலத்தை ஒற்றி எடுத்து முடித்துவிட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நான் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாறன் அங்கிள்," என்றேன். "வாற ஞாயிற்றுக்கிழமை உங்கட கையில இருக்கும்."

அடுத்த ஞாயிறு இரண்டு குடும்பமும் த பேசின் என்ற இடத்தில் இருக்கும் பிள்ளையார் கோயிலில் சந்தித்து, அங்கிருந்து இந்த வீட்டுக்கு வந்து, என் அம்மா முறைப்படி பெண் கேட்பதாக ஏற்பாடு. அங்கிள் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பாப்பம்," என்றார்.

தர்சினி தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் கொஞ்ச நேரத்தில் அங்கிள் உள்ளே போய் ஒரு படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து, படத்தை அதில் பச்சைக் குழந்தையைச் சுற்றுவதுபோல் சுற்றி என் கையில் தந்தார். "தாளில கை படாமல் பாரும்," என்றார். அது மட்டும்தான் அவர் கேட்டது.

திங்கட்கிழமை படச்சட்டம் போடும் கடைக்குப் போனேன். கடைக்கார அம்மணி வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு படத்தைப் பிரித்து, பூதக்கண்ணாடியால் பார்த்து, பெருமூச்சு விட்டார். காகிதம் பழசு, ஓரம் உதிர்கிறது, இதற்கென்று தனி அட்டை வரவழைக்க வேண்டும், மூன்று கிழமை ஆகும் என்றார். ஞாயிறு வேண்டும் என்றேன். முடியாது என்றார். அதுவரைக்கும் டேப் ஒட்டாதே, பசை பூசாதே, வெயிலில் வைக்காதே, ஈரம் பட விடாதே என்று விரல் மடக்கிச் சொன்னார்.

இதை இன்றைக்கும் நான் எல்லோரிடமும் அடித்துச் சொல்வேன்: அவர் லமினேட் செய்யாதே என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. எங்கள் ஆட்கள் யாரும் அவருடைய கடைக்கு அதற்கு முன் போயிருக்கமாட்டார்கள்.

இங்கே என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தபோது அம்மா வேறு ஒன்றும் எடுக்கவில்லை. எல்லாருடைய சான்றிதழையும் ஒரு ஷொப்பிங் பையில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். வழியில் மழை. என் அண்ணாவின் பிறப்புச் சான்றிதழ் கரைந்து கஞ்சியாகிவிட்டது. அவன் பிறந்தவன்தான் என்று நிரூபிக்க அம்மா பிறகு இரண்டு வருடம் கந்தோர் கந்தோராக அலைந்தார். அன்றைக்குப் பிடித்தது அவருக்கு லமினேட் ஆசை. அவுஸ்திரேலியா வந்ததும் யாரோ வீட்டு வாசலில் விற்ற பெரிய லமினேட் மெஷின் ஒன்றை வாங்கிவிட்டார். டிகிரிச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, சாத்திரக் குறிப்பு, வாஷிங் மெஷின் உத்தரவாதம், தாத்தாவின் மரணச் சான்றிதழ் எல்லாம் பளபளவென்று கோப்பில் இருக்கும். ஒரு கந்தோரில் லமினேட் செய்த சான்றிதழை ஏற்கமாட்டோம் என்று திருப்பி அனுப்பினார்கள். அம்மா அவர்களுக்காகப் பரிதாபப்பட்டார்.

புதன்கிழமை வேலையால் வந்து படத்தை மேசையில் விரித்தேன். பழுப்புப் புள்ளிகள். தொட்டால் ஓரத்தில் பொடி உதிர்ந்தது. அம்மா எட்டிப் பார்த்தார்.

"கண்ணாடி எண்டால் திரும்பவும் உடையும்," என்றார். "லமினேட் உடையாது."

எனக்கும் அது நூற்றுக்கு நூறு சரியாகப் பட்டது. அங்கிளின் உயிரான படத்தை நான் ஆயுளுக்கும் காப்பாற்றிக் கொடுக்கப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர் பிரித்துப் பார்ப்பார், கண் கலங்குவார், ஓம் என்பார். நான் மனதில் பந்தல் போட்டு மேளத்துக்கும் சொல்லிவிட்டேன்.

ஒரு சின்னச் சிக்கல். படம் மெஷினின் வாயைவிட இரண்டு விரல் அகலமாக இருந்தது. சுற்றிலும் வெறும் வெள்ளை ஓரம்தானே என்று கத்தரிக்கோலை எடுத்தேன். பக்கத்து ஓரம் இரண்டும் வெட்டினேன். அழகாக இருக்கட்டும் என்று மேலும் கீழும் வெட்டினேன். கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் ஏதோ அச்சடித்திருந்தது, அதற்கும் கீழே பென்சிலால் ஏதோ கிறுக்கியிருந்தது. பழைய கடைக்காரன் எழுதிய குறிப்பாக்கும் என்று நினைத்தேன். கூர்ந்து பார்க்கவில்லை. கம்ப்யூட்டர்காரனுக்கு எல்லாம் தெரியும்.

பிறகு பிளாஸ்டிக் உறைக்குள் படத்தை வைத்து மெஷினில் விட்டேன். நேராகத்தான் விட்டேன். மெஷின்தான் ஒரு பக்கமாக இழுத்தது. நான் மறுபக்கம் இழுத்தேன். வெளியே வந்தபோது முகப்பு முக்கோணத்தின் மேல் அப்பளம் பொரிந்தமாதிரி ஒரு குமிழ். இடப்பக்கத் தூண் இடுப்பில் மடிந்து, கள்ளுக் குடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறவரைப்போல் சாய்ந்து நின்றது. மற்ற ஐந்து தூணும் நேராகத்தான் இருந்தன, அதையும் சொல்ல வேண்டும்.

உண்மையைச் சொல்கிறேன், அப்போதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அம்மா லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்து, "இனி வெள்ளம் வந்தாலும் அசையாது," என்றார்.

மறுநாள் காலையில் அதைப் படம் எடுத்துத் தர்சினிக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"சுதன், இது போட்டோக்கொப்பி தானே?"

"இல்லையப்பா, ஒறிஜினல்."

"கீழ இருந்த மார்ஜின் எங்க?"

"வெட்டிட்டன். வெறும் வெள்ளைதானே. யாரோ பென்சிலால கிறுக்கி..."

"அப்பா எழுதினது," என்றாள். "வெள்ளிக்கிழமையில அம்மா என்னை ட்ரெயினில கூட்டிக்கொண்டு போவா. அப்பா வேலை முடிஞ்சு வரும் வரைக்கும் நான் மூண்டாவது தூணைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிப்பன். அப்பா படம் வாங்கின அண்டைக்கு அந்தத் தூணுக்கு நேர கீழ எழுதினவர், 'தர்சு நிண்ட இடம்' எண்டு. எனக்குக்கூட உடன காட்டேல்லை. கன காலத்துக்குப் பிறகுதான் நானே கண்டனான்."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அழுதாள். நான் கட்டப்போகிற பெண்ணின் பெயரை நானே கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறேன்.

"அம்மா, வெட்டின தாள் எங்க?"

"மஞ்சள் மூடித் தொட்டியில போட்டுட்டன். இண்டைக்குக் குப்பை லொறி வாற நாள்," என்றார் அம்மா.

சொல்லி வாய் மூடவில்லை, தெருமுனையில் லொறியின் சத்தம். சாரத்தோடு ஓடினேன். எங்கள் தொட்டியை நோக்கி லொறியின் இரும்புக் கை நீண்டுகொண்டிருந்தது. நான் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். (தர்சினி தூணைக் கட்டிப்பிடித்தமாதிரி என்று இப்போது சொல்வேன். அப்போது அப்படியெல்லாம் நினைக்கவில்லை, சாரம் அவிழாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.) சாரதி ஜன்னலால் எட்டிப் பார்த்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் தலையைச் சொறிந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

தொட்டியை அப்படியே புல்லில் கவிழ்த்தேன். எதிர்வீட்டுக் கிழவர் நாயோடு நின்று முழுவதையும் பார்த்தார். பால் போத்தல், மீன் டின், அரிசிப் பெட்டி, விளம்பரத் தாள்கள், எல்லாவற்றையும் முழங்காலிட்டு ஒன்றொன்றாக விலக்கினேன். ஒரு டின் மூடி விரலைக் கிழித்தது. ஒரு மணி நேரத்தில் வெட்டிய தாளில் மூன்று கீலம் கிடைத்தது. கீழ் ஓரம் கடைசியில் ஒரு பால் போத்தலுக்கு அடியில் நனைந்து கிடந்தது. நல்ல வேளையாகப் பென்சில் பாலில் கரைவதில்லை. குண்டு குண்டான எழுத்தில் "தர்சு நிண்ட இடம்" அப்படியே இருந்தது. நான் புல்லில் இருந்து அழுதேன். கிழவர் நாயைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அம்மா அந்தக் கீலத்தைப் பார்த்துவிட்டு, "இதையும் லமினே..." என்று தொடங்கினார். நான் பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டார். வாழ்க்கையில் அம்மாவை அப்படி நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையாருக்கு முன்னால் நான் போட்ட தோப்புக்கரணத்தை ஐயரே திரும்பிப் பார்த்தார். பிறகு எல்லோருமாக அங்கிள் வீட்டுக்குப் போனோம். தர்சினி என்னோடு பேசவில்லை, ஆனால் விரலில் இருந்த பிளாஸ்டரைப் பார்த்துவிட்டு வேறு நல்ல பிளாஸ்டர் ஒன்றை எடுத்துத் தந்தாள். வீட்டில் தகப்பனிடம் அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று முதலே போனில் சொல்லியிருந்தாள்.

அங்கிள் விரிப்பைப் பிரித்தார். கூரை விளக்கின் வெளிச்சம் படத்தில் பட்டு எல்லார் கண்ணையும் கூசவைத்தது.

"ஐயோ, இது என்ன, சாப்பாட்டு மேசைக்குப் போடுற ஷீற் மாதிரி," என்றார் அன்ரி.

"வலு பக்குவமாச் செய்தவன்," என்றார் என் அம்மா.

அங்கிள் குமிழை விரலால் தடவினார். அமுக்கினார். அது திரும்ப எழும்பியது. பிறகு ஓரத்தைப் பார்த்தார். கீழ் ஓரத்தில் அவர் விரல் நகர்ந்துகொண்டே போய், மூன்றாம் தூணுக்கு நேரே நின்றது. அங்கே ஒன்றும் இல்லை. அவர் விரலை எடுக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு ஓமும் வேண்டாம் கல்யாணமும் வேண்டாம், அந்த விரலை அங்கிருந்து எடுத்தால் போதும் என்று இருந்தது.

சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் பையில் போட்டிருந்த கீலங்களை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "பிழை விட்டுட்டன் அங்கிள். நல்லது செய்யிறன் எண்டு நினைச்சுச் செய்தனான். வெட்டினதைக் குப்பையில போட்டாச்சு. லொறி வாறதுக்குள்ள எடுத்திட்டன். மேல் ஓரம் மட்டும் கிடைக்கேல்லை."

அங்கிள் கீலத்தை எடுத்து வாசித்தார். ஒருமுறை மோந்து பார்த்தார். பால் மணம் இருந்தது.

"குப்பைக்குள்ள நீரே கை விட்டனீரோ?"

"ஓம்."

"முழுத் தொட்டியும்?"

"ஓம் அங்கிள். புல்லில கொட்டித் தேடினனான்."

"கையுறை போட்டனீரோ?"

"இல்லை."

"போட வேணும்," என்றார். என் விரல் பிளாஸ்டரைப் பார்த்தார். "டின் மூடி வெட்டும். நான் இரண்டு தரம் தையல் போட்டனான். கொட்டினதைத் திரும்ப அள்ளினனீரோ?"

"அள்ளினனான். புல்லையும் வாரிவிட்டனான்."

அவர் தலையாட்டினார். எழுந்து குசினிக்குள் போனார். தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் பிழிந்த துணி ஒன்று இருந்தது. மேசைக்கு முன்னால் இருந்து, படத்தின் மேல் மூலையில் தொடங்கித் துடைக்க ஆரம்பித்தார். முக்கோணத்தைத் துடைத்தார். குமிழைச் சுற்றிக் கவனமாகத் துடைத்தார். பிறகு துணியை விரலில் சுற்றி, தூண் தூணாக மேலிருந்து கீழே இழுத்தார். வளைந்த தூணை இரண்டு தரம் துடைத்தார். கடைசியாகப் படிகள்.

"பதினாலு வருசம் துடைச்சனான்," என்றார், யாரையும் பார்க்காமல். "இதை வாங்கின நாளிலயிருந்து கண்ணாடியைத் துடைச்சுக்கொண்டிருக்கிறன். தாளைத் தொட ஏலாது. இப்பதான் கை படுது."

அம்மாவுக்கு இதெல்லாம் விளங்கியதோ என்னவோ, தான் வந்த காரியத்தை விடுகிறவர் இல்லை. "அப்ப பிள்ளையளின்ர விசயம்?" என்று கேட்டார்.

அங்கிள் துணியை நான்காக மடித்து மேசையில் வைத்தார்.

"ஓம்," என்றார்.

தர்சினி போய்த் தகப்பனின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அன்ரி பற்றிஸ் எடுக்க ஓடினார். நான் படத்தை மாட்டலாம் என்று எழுந்தேன். மூன்று பேர் ஒரே நேரத்தில் என்னை உட்கார வைத்தார்கள்.

அதன்பிறகு நான் பட்டதைச் சொல்லி முடியாது. தாலி கட்டும்போது ஐயர் அதை என் கையில் தரப்போக, மாமா (அங்கிள் அதற்குள் மாமாவாகிவிட்டார்) "பார்த்துக் குடுங்கோ, லமினேட் செய்துபோடுவான்," என்றார். மணவறையே சிரித்தது. மகள் பிறந்தபோது தாதி குழந்தையை என்னிடம் நீட்ட, பின்னாலிருந்து அன்ரி அதே வசனத்தைச் சொன்னார். தாதிக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று. "தர்சு நிண்ட இடம்" கீலத்தை மட்டும் மாமா அந்த வெள்ளைக் கையுறை அம்மணியிடம் கொடுத்து, மூன்று கிழமை காத்திருந்து, தனிச் சட்டம் போட்டு வாங்கினார். அது இப்போது விளக்குக்குக் கீழே, பழைய இடத்தில் இருக்கிறது. லமினேட் வங்கி குசினிக்குப் போய்விட்டது. ஒவ்வொரு சனிக்கிழமையும் மாமா அதைத் துடைக்கிறார்.

போன சனிக்கிழமை நாங்கள் போயிருந்தோம். என் மகளுக்கு ஏழு வயது. குசினியில் எட்டுகிற உயரத்தில் அப்படிப் பளபளப்பான ஒன்று இருந்தால் பிள்ளை சும்மா இருக்குமா? மார்க்கர் பேனாவால் அதில் வரைந்து வைத்திருந்தாள். வானத்தில் சிவப்புச் சூரியன், குதிரைக்குத் தொப்பி, துரைசாணியின் குடையில் பூ. நாயின் பக்கத்தில், படியில், நீலநிறத்தில் உயரமாக ஒல்லியாக ஓர் ஆள். கையில் தும்புத்தடி. துரைமாரைவிட இரண்டு மடங்கு பெரிசு.

"ஹூ இஸ் திஸ்?" என்று கேட்டேன்.

"தாத்தா," என்றாள். "ஹி வோஸ் மிஸ்ஸிங்."

மாமா துணியோடு வந்தார். சூரியனைத் துடைத்தார். குதிரையின் தொப்பியைத் துடைத்தார். குடையைத் துடைத்தார். நாய்ப் பக்கம் வந்ததும் துணி நின்றது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். கன நேரம் பார்த்தார். பிறகு துணியைத் தோளில் போட்டுவிட்டு, படத்தைச் சுவரிலிருந்து இறக்கினார்.

"தம்பி, உம்மட அம்மாவின்ர மெஷின் இன்னும் இருக்கோ?"

"இருக்கு மாமா."

"இது அழியாமல் மேலால இன்னொருக்கால் செய்ய ஏலுமோ?"

என் மனைவியும் மாமியாரும் பார்த்துக்கொண்டிருக்க, பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் அதை என் கையில் தந்தார்.

"ஓரம் மட்டும் வெட்டப்படாது," என்றார்.